துரை கடிதத்தின் ஐந்து வசனங்கள்

சவர்க்கார உறைகளையும் மருந்துப் பெட்டிகளையும் விட்டுவிட்டால், எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் இருந்த ஒரே எழுத்து ஒரு கடிதம்தான். கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டத்துக்குள், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தோனியாரை விட ஓர் அங்குலம் உயரத்தில் தொங்குகிறது என்று அத்தை சொல்வார். அத்தை அளந்து பார்த்திருக்கவும் கூடும்.

அது துரை கொடுத்த கடிதம். வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அப்பா வேலை செய்தபோது அங்கே மனேஜராக இருந்தவரைத்தான் துரை என்கிறேன். எங்கள் பக்கம் அந்தக் கதிரையில் யார் வந்து இருந்தாலும் துரைதான். நான் பிறந்த அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தை விட்டு இறங்கி, கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியோரம் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அப்போது அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அது. ஆனால் அது எப்போதும் சுவரில் இருக்கவில்லை. எனக்குப் பத்து வயதாகும்போதுதான் அம்மா அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். அதற்குள் அது நான்காக மடிந்து மடிந்து, மடிப்பு ஓடிய இடமெல்லாம் எழுத்துத் தேய்ந்து போயிருந்தது. ஒரு கடிதத்தை ஏன் இத்தனை தடவை மடித்து விரித்தார்கள் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் இருக்கும் பொருள்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதில்லை.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. அத்தை, அப்பாவின் அக்கா, பக்கத்து வீட்டில் இருந்தவர், பஸ் பலகையில் ஊர்ப் பெயரை வாசிப்பார். ஆக, அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் வாசித்ததில்லை. சனிக்கிழமைகளில் அம்மா ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பார். புதிதாக யாராவது வந்தால், "தொர குடுத்தது. இங்கிலீசுல" என்பார். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அது அந்தப் படத்துக்குரிய மரியாதை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் கழுத்து இப்போதும் கொஞ்சம் நிமிர்கிறது. அப்போது இன்னும் அதிகமாக நிமிர்ந்திருந்தது. கண்டியில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு இடம் கிடைத்ததே எங்கள் வீதியில் ஒரு வாரச் செய்தி. பத்தாம் தரத்தில் பாடம் தெரிவு செய்யும்போது நான் ஆங்கில இலக்கியத்தை எடுத்தேன். வகுப்பில் மொத்தம் நான்கு பேர்தான் எடுத்தோம். மற்றவர்கள் சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் போனார்கள். நாங்கள் நால்வரும் விஞ்ஞான கூடத்தின் பின்னால் இருந்த ஓர் ஒடுங்கிய அறையில் உட்கார்ந்து, எங்களை விட உயர்ந்தவர்கள் கண்டியிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் டீச்சர் கடுகண்ணாவையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். மெலிந்தவர், சத்தம் போடாதவர். கதையும் கவிதையும் முடிந்த பிறகு, பரீட்சையில் முன்பு படித்திராத ஓர் உரைநடைப் பகுதி வரும் என்று அதற்குப் பழக்கத் தொடங்கினார். கதையாக இராது. ஒருவருடைய உரையாகவோ, கடிதமாகவோ, பத்திரிகையில் எழுதியதாகவோ இருக்கும். அதை வாசித்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்லி நம்மை இணங்க வைக்கிறார் என்று விளக்க வேண்டும். கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதிப் போட்டார். யார் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? அவருக்கு என்ன வேண்டும்? அதற்காக எந்தச் சொற்களைத் தெரிந்தெடுத்தார்? நான் அவற்றைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதினேன். நான்காவதை மட்டும் இரண்டு கோடு போட்டு எழுதினேன். சொற்களைப் பிடிப்பதில்தான் எனக்கு வெறி.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர், வீட்டிலிருந்து ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்தைக் கொண்டு வரச் சொன்னார். கதை கூடாது, பாடப்புத்தகம் கூடாது. எதுவானாலும் பரவாயில்லை. கட்டுகஸ்தோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள் என் பக்கத்தில் இருப்பவள். அவள் அன்று, "எங்கட வீட்டுல இரிக்கிறது எல்லாம் பில்லுதான், டீச்சர்" என்றாள். "பில்லும் எழுத்துதானே, மகள்" என்றார் டீச்சர்.

நான் சிரித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பில் இல்லை. துரையே எழுதிய கடிதம் இருந்தது.

புதன்கிழமை காலை நான் ஸ்டூல் மேல் ஏறிக் கடிதத்தைக் கழற்றும்போது அம்மா இரண்டு கையையும் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை தவறுச்சு, ஒன்னச் சும்மா வுடமாட்டேன்."

அத்தை வாசலில் வந்து நின்றார். "என்னாடி, தொரயத் தூக்கிக்கிட்டுப் போற? பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?"

"இன்னைக்குப் பாடமே நம்ம கடிதம்தான், அத்த."

"சனிக்கெழம ஒங்கப்பனுக்கு அது வேணும். மறந்துறாத."

மறக்கவில்லை. அந்த வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா அப்போது ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். முதுகு போய்விட்டது. காலையில் எழுந்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்ற பிறகுதான் நடப்பார். கண்டியில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு துணிக்கடைக்குக் காவலுக்கு வாச்சர் வேண்டும் என்று யாரோ சொல்லி, சனிக்கிழமை மனேஜரைப் பார்க்கப் போவதாக இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. பழைய இடத்திலிருந்து ஏதாவது கடிதம் இருந்தால் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இருந்தால் என்ன, இருந்ததே.

துவாயில் சுற்றிய சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா அதைச் சாமி படம் என்று நினைத்துத் தன் காலை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

வகுப்பில் முதலில் பாத்திரக்கடைக்காரரின் மகள் கொண்டு வந்த குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டையை எடுத்தோம். நினைத்ததை விட நன்றாக இருந்தது. எதற்கெல்லாம் கம்பனி பொறுப்பில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. தண்ணீர் புகுந்தால் இல்லை, எலி கடித்தால் இல்லை, வேறு ஆள் கழற்றினால் இல்லை.

"ஏன் எலியப் பத்தி எழுதியிருக்காங்க?" டீச்சர் கேட்டார்.

"எலி கடிச்சிரிக்கும் டீச்சர், எங்கயாவது."

"கடிச்சு, ஒருத்தர் வந்து கேட்டிருப்பாரு. யாரும் கேக்காத கேள்விக்கு ஒருத்தரும் 'இல்லை'ன்னு எழுத மாட்டாங்க."

இதையும் நான் கொப்பியில் எழுதினேன். எழுதுவதில் நான் கெட்டிக்காரி.

பிறகு என் முறை. துவாயை அவிழ்த்து மேசையில் வைத்தேன். டீச்சர் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். பாதியில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மேலே இருந்த திகதியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கடிதம் நீளமானதல்ல. ஐந்து வசனம்.

"இது அப்பாவுக்கு எழுதினதா, மகள்?"

"ஆமா டீச்சர். துரையே கையெழுத்துப் போட்டது."

டீச்சர் துவாயை எடுத்து, தன் கையாலேயே சட்டத்தை மறுபடி சுற்றினார். "இத இன்னைக்குச் செய்ய வேணாம். வீட்டுக்குக் கொண்டு போய் இருந்த இடத்துலயே மாட்டுங்க. பத்திரம்."

அவ்வளவுதான். அடுத்தவளுடைய கல்யாண அழைப்பிதழுக்குப் போய்விட்டார்.

எனக்கு முகம் சுட்டது. எலி கடித்ததற்குக் கால் மணித்தியாலம் கொடுத்தவர், எங்கள் வீட்டுக் கடிதத்தை மூடி வைத்துவிட்டார். இடைவேளையில் நானும் பாத்திரக்கடைக்காரரின் மகளும் அதை விரித்து வைத்து வாசித்தோம். அதுவரை நான் அதைச் சுவரில் பார்த்திருந்தேனே தவிர, ஒரு வசனமாகவும் படித்ததில்லை. உயரத்தில் இருந்ததும் ஒரு காரணம். அது நல்ல கடிதம் என்று முன்பே தெரிந்திருந்தது இன்னொரு காரணம்.

அவள் முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இதுல ஒன்டும் நல்லதாச் செல்லி இல்லயேடி."

இல்லைதான். நான் வசனங்களைக் கொப்பியில் பெயர்த்தெழுதி, 'இல்லை' என்று வரும் இடமெல்லாம் சிவப்பால் வட்டம் போட்டேன். ஐந்து வசனத்திலும் வட்டம் விழுந்தது. டீச்சர் ஏன் மூடி வைத்தார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என்னை வெட்கப்படுத்த விரும்பவில்லை. நல்ல மனம். ஆனால் சனிக்கிழமை இதே தாளை அப்பா ஒரு மனேஜரிடம் நீட்டப் போகிறார். அந்த மனேஜர் ஆங்கிலம் தெரிந்தவராக இருப்பார். வாசித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். அதை நான் தடுக்க வேண்டும். இதற்காகத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள் என்று கூட நினைத்தேன்.

பின்னேரம் அப்பா வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, பிளேன்டீயோடு வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தையும் இருந்தார். சபை நிறைந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் பாதி பொய் சொன்னவளாவேன்.

"அப்பா, இந்தக் கடிதத்த நான் இன்னைக்கு ஆராய்ஞ்சு பாத்தேன். இத நீங்க சனிக்கிழமை கொண்டு போகக் கூடாது."

"ஏன்?"

"வாசிக்கிறேன், கேளுங்க." சட்டத்தை மடியில் வைத்து மேலே இருந்த வரியைத் தமிழாக்கினேன். "யாருக்குத் தேவையோ அவருக்கு."

"யாருக்காம்?" என்றார் அம்மா.

"யாருக்குத் தேவையோ அவங்களுக்கு."

"பேருகூடத் தெரியாமலா எழுதினாரு தொர?" என்று கேட்டார் அத்தை.

"அதான் நானும் சொல்றேன். யாருக்கும் எழுதல. சும்மா ஒப்புக்கு எழுதினது."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "வாசி, புள்ள."

நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்று, இவர் மேல் தோட்டத்திலோ பொலிஸிலோ எந்த முறைப்பாடும் இல்லை. இரண்டு, இவர் எந்தக் கூட்டத்திலும் அமைப்பிலும் சேர்ந்தவர் இல்லை. மூன்று, இவருக்கு வடக்கிலோ கிழக்கிலோ உறவினர் எவரும் இல்லை. நான்கு, இவர் தன் விருப்பத்தில் தோட்டத்தை விட்டுப் போகிறார், விலக்கப்படவில்லை. ஐந்து, இங்கே வேலை செய்த காலத்தில் இவர் அறிவிக்காமல் ஒரு நாளாவது வெளியே தங்கியதில்லை.

கீழே துரையின் கையெழுத்து, தோட்டத்து முத்திரை.

அப்பா வலது கையை முழங்கால் மேல் வைத்து, நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தார். முடிந்தபோது கை மூடியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன். "ஒங்கள நல்லவர்னு சொல்லல. ஒழைப்பாளின்னு சொல்லல. பதினோரு வருசம் வேல செஞ்சிருக்கீங்க, ஒரு நன்றிகூட இல்ல. எல்லாம் இல்ல, இல்ல, இல்ல. மூணாவது வசனம் தேவையே இல்லாதது. நம்ம சொந்தக்காரங்க எங்க இருந்தா தொரைக்கு என்ன? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதவங்கதான் இப்படி எழுதி நிரப்புவாங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறியது. "அடக் கடவுளே! இத்தன வருசமா அந்தோனியாருக்கு மேல தொங்குன மனுசன், ஒங்கப்பனப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லலையா?"

"அண்ணி, சும்மா இருங்க," என்றார் அம்மா. குரல் நன்றாக இருக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ எழுந்து போய் உடுப்ப மாத்து" என்றார்.

அப்பா இரண்டையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அஞ்சும் இருக்கா?" என்றார்.

"என்ன அஞ்சு?"

"வசனம்."

"அஞ்சுதான் இருக்கு. அதத்தானே சொல்றேன், அஞ்சுல ஒண்ணுகூட..."

"அந்த மூணாவதத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"வடக்கு, கெழக்கு, ரெண்டும் இருக்கா?"

"இருக்கு."

"எழுதித்தான் இருக்காரு," என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வீதியைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்மாவிடம் இன்னொரு பிளேன்டீ கேட்டார். அவர் இரண்டாவது கோப்பை கேட்பவர் அல்லர்.

அவருக்குப் புரியவில்லை என்று எனக்கு வேதனையாக இருந்தது. படிக்காத மனிதருக்கு நயம் எப்படிப் புரியும்? எளிமையாகச் சொல்ல முயன்றேன். "இப்பப் பாருங்க அப்பா, அம்மாவோட கொழம்பச் சாப்பிட்ட ஒருத்தர் 'எனக்கு வயிறு வலிக்கல'ன்னு சொன்னா, அது பாராட்டா?"

"யாருக்குடி வயிறு வலிச்சுச்சு?" என்றார் அம்மா.

அத்தை மறுபடி சிரித்தார். இந்தத் தடவை அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. காயப்பட்டதை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அடுத்த நாள் கொப்பியில் நான்கு தடவை எழுதிப் பார்த்து, நல்ல தாளில் ஒரு கடிதம் தயாரித்தேன். அப்பா நேர்மையானவர், கடின உழைப்பாளி, பொறுமைசாலி, விசுவாசமானவர், விழிப்பானவர் என்று எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலச் சொல் எல்லாம் அதில் இருந்தது. ஒரு 'இல்லை'கூடக் கிடையாது. யாருடைய பெயரில் எழுதுவது என்று தெரியாமல் என் பெயரையே போட்டு, பாடசாலையின் பெயரையும் கீழே எழுதினேன்.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். "எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டு, துரை கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து ஒரு கடதாசி உறையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். என் கடிதம் அலுமாரியில், அம்மாவின் சேலைக்கு மேலே இருந்தது. நான் அதைக் கண்டு அழுதேன். அழுதுகொண்டே, மனேஜர் என்ன முகத்தோடு வாசிப்பார் என்று நினைத்து மறுபடி அழுதேன். மத்தியானம் வரை அம்மா என்னோடு பேசவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது கையில் ஒரு பை நிறையப் பேக்கரி பனிஸ் இருந்தது. முதலாம் திகதியிலிருந்து வேலை. மனேஜர் கடிதத்தை வாசித்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். "இந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றாராம்.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மனேஜருக்கும் ஆங்கில நயம் தெரியாது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரத்துக்குரிய பயிற்சியாக நான் துரை கடிதத்தைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லப்பட்டதைச் செய்து காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை. எழுதியவரின் குளிர்ந்த தொனி, பாராட்டைத் தவிர்க்கும் உத்தி, தேவையற்ற விவரம், எல்லாவற்றையும் உதாரணத்தோடு காட்டியிருந்தேன். டீச்சர் அதற்குப் புள்ளி போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார். யாருக்கு? நான் அதன் கீழே பேனையால், யாருக்குத் தேவையோ அவருக்கு என்று எழுதி, கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை. வென்றுவிட்டதாக நினைத்தேன்.

பரீட்சையில் அந்தப் பாடத்துக்கு எனக்கு ஏ சித்தி. எங்கள் வீதிக்கு அதுவும் ஒரு வாரச் செய்தி. பிறகு உயர்தரம், கல்வியியற் கல்லூரி. இப்போது நானே ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என் மாணவிகளும் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறார்கள்.

போன வருடம் அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டியில் ஏறிய ஒரு வயதானவர் அப்பாவைக் கண்டதும், "அடே, நீ இன்னும் இருக்கியா?" என்றார்.

"ஒன்ன வழியனுப்பிட்டுத்தான் நான் போவேன்" என்றார் அப்பா.

தோட்டத்தில் அப்பாவோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்தவராம். நான் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். இருவரும் செத்தவர்களையும் கலியாணம் முடித்தவர்களையும் வரிசையாகப் பேசி முடித்தார்கள். பஸ் கட்டுகஸ்தோட்டையை நெருங்கியது. பாலம் தெரிந்தவுடன் அந்த மனிதர், "இந்த எடத்துலதான எறக்குவானுங்க" என்றார்.

அந்த இடம் எனக்கும் நினைவிருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அங்கே மண்மூட்டை அடுக்கிய ஒரு சோதனைச் சாவடி இருந்தது. ஆண்களெல்லாம் இறங்கி வரிசையில் நிற்பார்கள். அம்மா என் தலையைத் தன் மடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"என்னய இங்க ரெண்டு மணித்தியாலம் வெயில்ல நிக்க வச்சான்," என்றார் அவர். "தொர எனக்கும் லெட்டர் குடுத்தாருல்ல. நல்ல ஒழைப்பாளி, பலசாலி, எந்தச் சொமையா இருந்தாலும் தூக்குவான்னு எழுதியிருந்தாரு. ஆபீசர் வாசிச்சுட்டுக் கேட்டான், அப்ப வேற என்னென்னலாம் தூக்கிக்கிட்டு வந்திருக்கன்னு!"

இருவரும் சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

"நீ தொரய எழுத விட்டுட்ட," என்றார் அப்பா. "அதான் நல்லவன் வல்லவன்னு எழுதிட்டாரு. நான் விடல. எனக்கு அடையாள அட்டையும் வரல அப்ப. தோட்டத்துல இருந்து டவுனுக்கு வரப் போக வரிசைல நின்னு நின்னு, அவனுங்க கேக்குறத எண்ணிக்கிட்டே வந்தேன். சுத்திச் சுத்தி அதே அஞ்சுதான். கேஸ் இருக்கா. எந்தக் கூட்டம். வடக்குல ஆளிருக்கா. வேலய ஏன் விட்ட. இத்தன நாளு எங்க இருந்த. ஆபீசுக்குப் போயி, ஐயா, இந்த அஞ்சுக்கு மட்டும் பதில் எழுதிக் குடுங்க, வேற ஒண்ணும் எனக்கு வேணான்னேன். தொர கிளாக்கரக் கூப்பிட்டு, இவன் சொல்றபடி டைப் அடின்னாரு."

"சிங்களத்துல கேட்டிருக்கலாமே?"

"சிங்களத்துல இருந்தா வாசல்ல நிக்கிறவனே வாசிச்சுட்டு மேல கேப்பான். இங்கிலீசுன்னா ஆபீசரக் கூப்பிடுவான். ஆபீசர் வாசிச்சுட்டுப் போன்னுருவாரு."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மகாவலி கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது.

"அது சரி," என்றார் அந்த மனிதர். "ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே. நீ சொன்னதத்தான் அடிச்சிருக்காருன்னு எப்புடிக் கண்டுபிடிச்ச? அந்தக் கிளாக்கருக்கும் ஒனக்கும் ஆகாதே."

"கண்டுபிடிக்கல."

"யாருகிட்டயாவது குடுத்து வாசிக்கச் சொல்லலையா?"

"யாருகிட்டக் குடுக்குறது? வேற என்னமாச்சும் எழுதியிருந்து, வாசிச்சவன் வெளிய சொல்லிட்டா? பேசாம வச்சுக்கிட்டேன். எறங்கச் சொன்னா நீட்டுவேன். அவன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பேன்." பிறகு வந்த குரல் வேறாக இருந்தது. "சண்டையெல்லாம் முடிஞ்ச பெறகும் மனசுல கெடந்துச்சு. பெறகு நம்ம மக பெரிய வகுப்புப் படிச்சப்ப ஒரு நாளு ஒக்காந்து வாசிச்சுச் சொல்லுச்சு. அஞ்சும் இருந்துச்சு. கிளாக்கரு ஒண்ணுகூட வுடல. அந்தா முன்னால இருக்குதே, அதுதான் மக."

அந்த மனிதர் என் முதுகைப் பார்த்திருப்பார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும். எத்தனையோ வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பின்னேரத்தை அவர் ஒரு நல்ல செய்தியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பதினைந்து வயதில் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே ஒருவர் அதைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் எட்டு வருடம் நீட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. வடக்கும் கிழக்கும் இரண்டும் இருக்கிறதா என்று அவர் கேட்டது எந்த வரிசையில் நின்றுகொண்டு என்பதும் தெரியாது. அதனால்தான் மூன்றாவது வசனத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னபோது, புரியாதவருக்கு வாசிப்பது போலக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கொஞ்சம் சலித்துக்கொண்டு வாசித்தேன்.